காதுக்குப் பின்னால் காந்தம் இருக்கிறதா என்று ஸ்கேன் அறை வாசலில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி பணியாளர். என் மகனுக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. 2013ஆம் ஆண்டு, அவனுடைய நான்காவது வயதில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது கேட்க வைக்கும் மின்னணுக் கருவியை, அறுவை சிகிச்சை செய்து வைத்தார்கள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். நன்றாகப் பேசுகிறான், போனில்கூடப் பேசுகிறான். இந்தத் திட்டம் இல்லையென்றால் லட்சக்கணக்கில் விலையுள்ள அந்தக் கருவியை எங்கள் குடும்பம் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

காதுக்குள் இப்படிக் கருவி வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனால், அவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் கருவி எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதுதான் அது. வேலூரில் பல இடங்களில் அதைக் கேட்பதில்லை. கேட்டாலும் பெற்றோருக்குப் பதில் தெரிவதில்லை. இரண்டையும் சரிசெய்ய முடியும் என்பதால் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் மெஷினையும் தலையில் வட்டமாக ஒட்டியிருக்கும், காயில் (coil) எனப்படும் வில்லையையும் தான் வெளியில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சாதாரண காது மெஷின் போட்டிருக்கும் பெரியவர்களுக்கு அது சரிதான். கழற்றி வெளியில் வைத்துவிட்டு உள்ளே போகலாம். காக்ளியர் வைத்தவர்களுக்கு அப்படி இல்லை. தோலுக்கு அடியில், மண்டை எலும்பை ஒட்டி, இன்னொரு பாகம் இருக்கிறது. அதில் ஒரு மின்னணு வில்லை, அதன் நடுவில் ஒரு காந்தம், அதிலிருந்து காதின் நத்தைச் சுருளுக்குள் போகும் மெல்லிய கம்பி. வெளிக் காயில் தலையில் ஒட்டி நிற்பதே உள்ளே இருக்கும் அந்தக் காந்தத்தால்தான். அதை யாரும் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட முடியாது.

எம்.ஆர்.ஐ. மெஷின் என்பதே ஒரு பெரிய காந்தம். டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் பலத்தை அளக்கும் அலகு. 1.5 டெஸ்லா என்று சொல்கிறார்களே, அது பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஃபேன் போல ஸ்விட்சை அணைத்து நிறுத்துகிற விஷயம் அல்ல அது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவர் மெஷினால் இழுக்கப்பட்டு இறந்துபோன செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் புலத்துக்குள் தலையில் காந்தத்தோடு ஒரு பிள்ளை போனால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் காந்தம் பெரிய காந்தத்தின் திசைக்குத் திரும்பப் பார்க்கும். கடுமையாக வலிக்கும். சிலருக்குக் காந்தம் இருந்த இடத்தை விட்டு எகிறிவிடும். அப்புறம் வெளிக் காயில் ஒட்டாது, காதுக்குப் பின்னால் வீங்கும், அதைச் சரிசெய்ய மறுபடி அறுவை சிகிச்சை. சில நேரம் காந்தம் தன் சக்தியை இழந்துவிடும். இது தவிர, ஸ்கேன் ஓடும்போது வருகிற ரேடியோ அலைகளால் கம்பி சூடாகலாம், கருவியே பழுதாகலாம், காதுக்குள் இல்லாத சத்தமெல்லாம் கேட்கலாம். கருவி பழுதானால் பிள்ளைக்கு மறுபடி ஒன்றும் கேட்காது. கருவியை முதன்முதலில் சுவிட்ச் ஆன் செய்த நாளிலிருந்து வருடக்கணக்கில் பேச்சுத் தெரபிக்கு அலைந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பழக்கிய பெற்றோருக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு சொல்வதால் காக்ளியர் வைத்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ.யே எடுக்கக் கூடாது என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அதுவும் தவறு. எல்லாம் மாடலைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் காக்ளியர், ஆஸ்திரியாவின் மெட்-எல், அட்வான்ஸ்டு பயானிக்ஸ் ஆகிய பெரிய கம்பெனிகள் கடந்த சில ஆண்டுகளில் வெளியிட்ட மாடல்களில் காந்தம் தன் உறைக்குள்ளேயே சுழன்று திசை திருப்பிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மாடல்களை வைத்திருப்பவர்கள், கம்பெனி சொல்லும் நிபந்தனைகளோடு, 3 டெஸ்லா மெஷினில்கூட ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய மாடல்களில் சிலவற்றுக்குத் தலையில் இறுக்கமாகக் கட்டுப் போட்டு 1.5 டெஸ்லாவில் மட்டும் எடுக்கலாம். சிலவற்றுக்குக் காதுக்குப் பின்னால் சிறிதாகக் கீறி, காந்தத்தை வெளியே எடுத்துவிட்டு, ஸ்கேன் முடிந்ததும் புதுக் காந்தம் வைக்க வேண்டும். மிகப் பழைய சிலவற்றுக்கு எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது. வெளியில் பார்க்க எல்லாப் பிள்ளைகள் காதிலும் ஒரே மாதிரி மெஷின்தான் தொங்குகிறது. அதிலும் பல வருடம் ஆனவர்களுக்கு வெளி மெஷினைப் புதிதாக மாற்றியிருப்பார்கள், உள்ளே இருப்பது அதே பழையதாக இருக்கும். வெளியில் இருப்பதை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட முடியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் பள்ளியில் கபடி விளையாடும்போது மகனுக்கு முழங்கால் திரும்பிவிட்டது. வீங்கிப்போய் காலை ஊன்ற முடியவில்லை. வேலூரில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். தசைநார் கிழிந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். அவர் எழுதிய ஸ்கேன் சென்டரின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. ஒரு சென்டரின் குற்றமாக இதை நான் பார்க்கவில்லை. வாசலில் 3 டெஸ்லா, அதிநவீனம் என்று பெரிய போர்டு வைத்திருந்தார்கள். கவுன்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். பேஸ்மேக்கர் உண்டா, மூளையில் கிளிப் உண்டா, உடம்பில் இரும்புத் துண்டு உண்டா, கர்ப்பமா என்று கேள்விகள். காது என்று வருகிற இடத்தில் ஹியரிங் எய்டு உண்டா என்று மட்டும் இருந்தது. இம்ப்ளான்ட் என்ற சொல்லே இல்லை.

நான் கவுன்டரில் இருந்த பெண்ணிடம், இவனுக்கு உள்ளே கருவி இருக்கிறது என்று சொன்னேன். அவர் உள்ளே இருந்த பையனைக் கூப்பிட்டார். அந்தத் தம்பி வந்து மகன் காதைப் பார்த்துவிட்டு, "மெஷின கழட்டி நீங்க வெச்சுக்குங்கம்மா. காலுக்குத்தான் எடுக்கறோம், தலைக்கு இல்ல. ஒண்ணும் ஆகாது" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அதட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. ஆனால் காலுக்கு எடுத்தாலும் ஆள் படுப்பது அதே மேடையில், போவது அதே குழாய்க்குள். தலை குழாயின் வாய்க்கு வெளியே இருந்தாலும் அந்த இடத்திலும் காந்தப் புலம் பலமாகத்தான் இருக்கிறது. கம்பெனி கொடுக்கும் நிபந்தனை தலை ஸ்கேனுக்கு மட்டும் அல்ல, அந்த அறைக்குள் நுழைவதற்கே பொருந்தும். இதை, கருவியின் ஒலி அளவுகளைப் பிள்ளைக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் சரிசெய்யும் (மேப்பிங் என்பார்கள்) செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லியனுப்பியிருந்தார். அதனால் நான் அசையவில்லை. "டாக்டர் வந்து பார்க்கட்டும் தம்பி, அதுவரைக்கும் இவன் வெளியிலயே உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கேன் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் உடனே நிறுத்திவிட்டார். எந்த மாடல் என்று முதன்முதலில் கேட்டவர் அவர்தான். ஆடியாலஜிஸ்டுக்குப் போன் செய்தேன். அறுவை சிகிச்சை அன்று கொடுத்த கார்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அந்தக் கார்டு வீட்டில் பீரோவில் ஃபைலுக்குள் இருந்தது. என் தங்கை எடுத்து அனுப்பினாள். மாடல் எண்ணைப் பார்த்ததும் பதில் வந்துவிட்டது. இது பழைய வகை, 3 டெஸ்லாவில் காந்தத்தை எடுக்காமல் போகவே கூடாது, 1.5 டெஸ்லாவில் கட்டுப் போட்டு எடுக்கலாம். அதாவது, அந்தப் பெரிய போர்டு போட்ட புது மெஷின்தான் என் மகனுக்கு ஆகாதது. மெஷின் எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். படம் தெளிவாக வருவதற்கு அது உண்மை. காக்ளியர் வைத்த பிள்ளைக்கு அது பொருந்தாது.

பிறகு 1.5 டெஸ்லா மெஷின் உள்ள வேறு மருத்துவமனையில், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் கூடவே இருந்து எடுத்தார்கள். காந்தம் இருக்கும் இடத்தின் மேல் தட்டையான ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து, தலையைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினார். உள்ளே போனதும் மகனுக்கு எதுவும் கேட்காதே! மைக்கில் "அசையாதீங்க", "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று சொல்வதெல்லாம் அவனுக்கு ஒன்றுமில்லை. அதனால் மேடையில் படுப்பதற்கு முன்பே அங்கிருந்த டெக்னீஷியன் அவனுக்குக் காது மெஷினைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, வலித்தால் அமுக்கு, உடனே வெளியே எடுத்துவிடுவோம் என்றார். காலைத் தட்டினால் இன்னொரு ஸ்கேன் ஆரம்பம் என்று அடையாளம் வைத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் காது மெஷினைக் கழற்றி அறைக்கு வெளியில் என்னிடம் கொடுத்தார்கள். வெளி மெஷினை அறைக்குள் கொண்டுபோனால் அதுவும் பாழாகிவிடும். "காதுக்குப் பின்னால யாரோ கட்டை விரலால அழுத்தற மாதிரி இருந்துச்சும்மா, ஆனா தாங்கிக்கிட்டேன்" என்றான் மகன். கட்டை அவிழ்த்து, காயிலை வைத்துப் பார்த்தோம். ஒட்டியது. "கேக்குதா?" என்றேன். "கேக்குது" என்றான். அந்த டெக்னீஷியனுக்கும் டாக்டருக்கும் என் நன்றியை இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன்.

தசைநார் முழுதாக அறுபடவில்லை, பாதிதான் கிழிந்திருந்தது. பிசியோதெரபியில் சரியாகிவிட்டது. அங்கேயும் உயர் அலைவரிசை மின்சாரத்தால் வெப்பம் கொடுக்கும் மெஷின் ஒன்றை வைப்பதற்கு முன், கார்டைக் காட்டிக் கேட்டேன். அதுவும் இம்ப்ளான்டுக்கு ஆகாது என்று அதைத் தவிர்த்துவிட்டார்கள். அறுவை சிகிச்சையில் ரத்தத்தை அடைக்கப் பயன்படுத்தும் ஒரு வகை மின் கருவியும் தலை, கழுத்துப் பகுதியில் கூடாது. ஆக, அந்தக் கார்டு ஸ்கேனுக்கு மட்டும் அல்ல, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தேவை.

என் மகன் விஷயம் நல்லபடியாக முடிந்தது. தெரபி வகுப்பில் எனக்குப் பழக்கமான பேரணாம்பட்டைச் சேர்ந்த ஓர் அம்மாவுக்கு அப்படி முடியவில்லை. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம். மகளுக்கு அடிக்கடி தலைவலி, ஒருமுறை வலிப்பு. மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். போன இடத்திலெல்லாம் காக்ளியரா, எங்களால் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாடல் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கார்டு அவர்களிடம் இல்லை. வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. சில மாதங்கள் இப்படியே போய், கடைசியில் அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையின் பதிவேட்டில் தேடி மாடலைக் கண்டுபிடித்தார்கள். பார்த்தால் அது நிபந்தனையோடு ஸ்கேன் எடுக்கக்கூடிய வகைதான். மூளைக்கு எடுக்கும்போது காந்தம் இருக்கும் பக்கம் படத்தில் கருப்பாக மறைந்துவிடும், ஆனாலும் மற்ற பக்கம் தெரியும், டாக்டருக்கு வேண்டியது கிடைத்தது. அந்த மாதங்களில் அந்த அம்மா பட்ட பயத்தை நான் நேரில் பார்த்தேன். கேட்காமல் உள்ளே அனுப்புவது எவ்வளவு ஆபத்தோ, கேட்காமல் திருப்பி அனுப்புவதும் அவ்வளவு ஆபத்து. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மாடல் எண் கையில் இல்லை.

கார்டு தொலைந்தவர்கள் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும் இந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன். அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில் பதிவு இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாடலும் வரிசை எண்ணும் எழுதியிருக்கலாம். மேப்பிங் செய்யும் கம்ப்யூட்டரில் இருக்கும். பல கருவிகளைத் தலை எக்ஸ்ரேயில் பார்த்தே இன்ன வகை என்று அடையாளம் கண்டுவிடுகிறார்கள். எக்ஸ்ரேவுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் இந்தக் காந்தப் பிரச்சினை கிடையாது. பல நேரங்களில் எம்.ஆர்.ஐ.க்குப் பதில் சி.டி. அல்லது அல்ட்ராசவுண்டே போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும், அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

காதில் வேறு வகை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நடுக்காதின் சின்ன எலும்பு இறுகிப்போனவர்களுக்கு ஒரு சிறு பிஸ்டன் வைப்பார்கள். இப்போது வைக்கப்படுபவை பெரும்பாலும் டைட்டானியம், டெஃப்லான், பிளாட்டினம் போன்றவை, பயமில்லை. ஆனால் 1987இல் அமெரிக்காவில் ஒரு வகை பிஸ்டனின் சில தொகுதிகளைக் காந்தம் இழுக்கும் எஃகில் செய்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றார்கள். நடுக்காதில் காந்தத்தோடு வைக்கும் கருவிகளும் உண்டு. காதில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றால் எதுவானாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுவது நல்லது.

வேலூரில் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிற ஊர் இது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிக் காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டு, ஓட்டல் போர்டு, மருந்துக் கடை போர்டு எல்லாம் வங்காளியில்கூட எழுதியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர் தடுமாறக் கூடாது என்று அவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்ளும் ஊரில், குடியாத்தத்திலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் வருகிற அம்மாக்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட ஒரு படிவம் தமிழில் இருக்க வேண்டாமா? வங்காளியிலும் இந்தியிலும் தெலுங்கிலும்கூட இருக்கட்டும், எல்லோரும் பிள்ளையோடுதானே வருகிறார்கள்.

அது மட்டும் அல்ல. காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் வைக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அப்போது தவழ்ந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். கபடி விளையாடுகிறார்கள், பைக் ஓட்டுகிறார்கள், சிலர் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். இனிமேல் அவர்களுக்கு முதுகு வலி வரும், அடிபடும், தலைவலி வரும். கல்யாணமாகிக் குழந்தை பெறுவார்கள். எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுக்கும் சந்தர்ப்பம் கூடிக்கொண்டேதான் போகும். சின்ன வயதில் அம்மா கூடவே இருந்தாள், எல்லாம் சொன்னாள். இனி அவர்கள் தனியாகப் போவார்கள். விபத்தில் மயங்கிக் கிடந்தால், மெஷினும் எங்கோ விழுந்துவிட்டால், 108 வண்டியில் ஏற்றிக்கொண்டு வருபவருக்கு இந்தப் பிள்ளைக்குக் காதுக்குள் காந்தம் இருப்பது எப்படித் தெரியும்? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எனவே என் வேண்டுகோள்கள். முதலாவது, அரசுத் திட்டத்தில் கருவி பொருத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் பாக்கெட்டில் வைக்கும் அளவில் ஒரு தமிழ் அட்டை கொடுக்க வேண்டும். கம்பெனியின் கார்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, மாடல் எண்ணும் வரிசை எண்ணும் சின்ன எழுத்தில் இருக்கிறது. தமிழ் அட்டையில் கருவியின் பெயர், எந்தக் காதில், எந்த ஆண்டு, எத்தனை டெஸ்லா வரை, கட்டுப் போட வேண்டுமா, காந்தத்தை எடுக்க வேண்டுமா, யாரைக் கேட்க வேண்டும் என்ற விவரம் இருந்தால் போதும். உலக அளவில் எம்.ஆர்.ஐ.க்குப் பயன்படும் அடையாளங்கள் உண்டு. பச்சைச் சதுரம் என்றால் பயமில்லை, மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனையோடு, சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் கூடாது. அந்த அடையாளத்தைப் பெரிதாக அச்சடித்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் காட்ட முடியும். எங்கள் அங்கன்வாடியில் தடுப்பூசி அட்டையைத் தொலைக்காமல் வைத்திருக்கும் அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன். அட்டை தமிழில் இருந்தால், அது எதற்கு என்று புரிந்தால், பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். கூடவே, காப்பீட்டுத் திட்டத்தின் கணினிப் பதிவில் மாடல் எண்ணையும் சேர்த்துவிட்டால், அட்டை இல்லாதபோதும் மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஸ்கேன் சென்டர்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும் எந்த இடத்துக்குப் போனாலும், கருவின் பாலினம் இங்கு தெரிவிக்கப்பட மாட்டாது என்ற பலகை தமிழில் தொங்குகிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியதால்தான் தொங்குகிறது. சட்டம் வந்தால் போர்டு வரும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எக்ஸ்ரேவுக்கும் சி.டி.க்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், அவர்கள் விதிமுறை சொல்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை, அதனால் அது அந்த வாரியத்தின் கீழ் வருவதில்லை. கதிர்வீச்சு இல்லாததால் எம்.ஆர்.ஐ. யாருக்கும் ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் மக்களிடமும் இருக்கிறது, சில ஊழியர்களிடமும் இருக்கிறது. தனியார் மருத்துவ நிறுவனங்களுக்குப் பதிவுச் சான்று கொடுக்கும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் மனது வைத்தால், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் எல்லா எம்.ஆர்.ஐ. சென்டரிலும் ஒரே மாதிரித் தமிழ்ப் படிவமும், அறை வாசலில் ஒரு தமிழ்ப் பலகையும் வைக்கச் சொல்லலாம். படிவத்தில் ஹியரிங் எய்டு என்று ஒரு கேள்வி, காதுக்குள் பொருத்திய கருவி என்று தனியாக ஒரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் எங்களுக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும்.

எழுதிக் கொடுக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்.ஆர்.ஐ. என்று சீட்டில் எழுதும்போதே பக்கத்தில் காக்ளியர் உள்ளவர் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், கவுன்டரில் நாங்கள் வாதாட வேண்டியிருக்காது. எங்கள் மகன் காதில் மெஷின் மாட்டிக்கொண்டுதான் எலும்பு டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தான்.

பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். கார்டைப் பீரோவில் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேர் போனிலும் வையுங்கள். ஒரு நகலை லேமினேட் செய்து பள்ளிப் பையில் போடுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். ஸ்கேனுக்குப் போனால், மெஷின் எத்தனை டெஸ்லா, எங்கள் மாடலுக்கு எத்தனை வரை அனுமதி, கூட இருக்கப்போகும் டாக்டர் யார் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு உள்ளே அனுப்புங்கள். பணம் கட்டியாகிவிட்டதே, பின்னால் ஆள் காத்திருக்கிறார்களே என்று தயங்காதீர்கள். காந்தத்தை எடுத்துத்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொன்னால், புண் ஆறிப் புதுக் காந்தம் வைக்கும் வரை காயில் நிற்காது, அதுவரை பிள்ளை எப்படிக் கேட்கும் என்பதை ஆடியாலஜிஸ்டிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பரீட்சை நேரமாக இருந்தால் இது பெரிய விஷயம்.

எங்கள் தெரபி வகுப்பு அம்மாக்கள் சேர்ந்து, ஆடியாலஜிஸ்டிடம் திருத்தி வாங்கி, தமிழில் ஒரு பக்கப் படிவமும் அட்டையின் மாதிரியும் தயார் செய்திருக்கிறோம். இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். அதை மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். இடம் இருந்தால் அந்த மாதிரியை உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள். எந்த ஸ்கேன் சென்டர் வேண்டுமானாலும் அதை அப்படியே எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம், எங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
காக்ளியர் பொருத்திய மாணவனின் தாய்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.